வேட்டைப்பையும் கல்யாண் வண்டியும்

கல்யாண் கிழக்கிலிருந்து நாள்தோறும் காலை வண்டி பிடித்து, சயான் நிலையத்தில் இறங்கித் தாராவிக்கு நடந்து செல்லும் பை தையற்காரர் ஒருவரின் பட்டறைக்கு, மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு பழைய பை வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் ஓர் ஏற்றுமதி இடைத்தரகர். வெளிநாட்டில் யாரோ பல ஆண்டுகள் முதுகில் சுமந்து தேய்த்த பை அது. அதைப் பிரித்துப் பார்த்து, அதன் வழியில் மூன்று மாதிரிகள் செய்து தரவேண்டும் என்பது கோரிக்கை. ஒன்று அரைநாள் பறவை வேட்டைக்கு. ஒன்று நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து காத்திருப்பவருக்கு. ஒன்று மலையில் பல நாள் தங்கி வேட்டையாடுபவருக்கு. மூன்றும் பிடித்துப்போனால் பெரிய கொள்முதல் வரக்கூடும். பட்டறையில் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றழைக்கும் அந்த மனிதருக்கு வயது 61. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1979-இல் தந்தையின் உறவினர் ஒருவருடன் தாராவிக்கு வந்தவர். பள்ளிப் பைகள், மடிக்கணினிப் பைகள், பெண்களின் கைப்பைகள் என ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார். வேட்டைப்பை வெட்டியதில்லை.

இந்திய மண்ணில் அத்தகைய பைக்கு இன்று சட்டப்படியான வேலை ஏறக்குறைய இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமச்சீட்டின் பேரில் வேட்டையை அனுமதித்தது; 1991-இன் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. ஆகவே இங்கு தைக்கப்படும் வேட்டைப்பை, தைப்பவரின் நாட்டில் குற்றமாகிய ஒரு செயலுக்காக, அது குற்றமல்லாத நாட்டுக்குப் போகும் பொருள். மாஸ்டர் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. மாட்டுங்காவில் பொறியியல் படிக்கும் அவருடைய அக்காள் மகன்தான் முதலில் கேட்டான்.

“மாமா, இதத் தைக்கலாமா? நம்ம ஊருல வேட்டையே கூடாதே.”

“ஏலே, வயலின் பெட்டி தைச்சேன். எனக்கு வாசிக்கவா தெரியும்? மொதல்ல பையப் பாரு.”

பையைப் பார்ப்பது என்பது அவரிடத்தில் ஒரு முறைமை. உள்ளே கைவிட்டு அடிமூலைகளைத் தடவுவார். தோள்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் ஒப்பிடுவார். நூல் எங்கே விட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடிப்பார். அந்தப் பழைய பையில் இடப்பட்டை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. வலப்பட்டை மட்டும் தோளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, நார் தெரியத் தேய்ந்திருந்தது. நெடுநேரம் யோசித்து அவரே விடையும் கண்டார்: துப்பாக்கியின் கட்டை அங்கேதான் வந்து அமர்கிறது. வலக்கையால் சுடுபவன் பையைக் கழற்றாமல் குறிபார்க்கும்போது, பட்டைக்குள் திணித்த பஞ்சு தடித்திருந்தால் கட்டை சரியாகப் பதியாது. எனவே வலப்பட்டை அவ்விடத்தில் மெலிந்திருக்க வேண்டும். எந்த விளம்பர ஏட்டையும் படிக்காமல், தேய்மானத்தைப் படித்தே அவர் இந்த முதல் விதியை அடைந்தார். பொருட்பண்பாட்டு ஆய்வு என்று பல்கலைக்கழகங்கள் எதை அழைக்கின்றனவோ அதை, அப்பெயர் அறியாமலே நாள்தோறும் செய்பவர்கள் இத்தகைய பட்டறைகளில் உண்டு.

பொதுவாக ஒரு பையைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கும் கேள்வி, ‘எதை எடுத்துச் செல்லப்போகிறேன்’ என்பது. வேட்டைப்பைக்கு அந்தக் கேள்வி பாதிதான் பொருந்தும். அது போகும்போது வெற்றிடத்தைச் சுமந்து போகிறது. கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்காக இடம் விட்டு வைக்கப்பட்ட பை அது. கொன்ற இடத்துக்கும் அடுப்புக்கும் இடையே உள்ள தொலைவே அதன் அளவை முடிவு செய்கிறது.

கல்யாணைச் சுற்றியுள்ள நிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. முர்பாட், கர்ஜத் பக்கங்களில் வாழும் காத்கரி மக்கள், கருங்காலி மரத்திலிருந்து காசுக்கட்டி காய்ச்சும் தொழிலால் பெயர் பெற்றவர்கள். வயலெலி, முயல், பறவை, நண்டு, மீன் என்று கையருகே கிடைப்பதைப் பிடித்து உண்டவர்கள். காடு சுருங்கிய பின் அவர்களில் பலர் செங்கற்சூளைகளுக்குக் கூலியாகப் போயினர். அவர்களுடைய வேட்டைக்கு முதுகுப்பை வேண்டியதில்லை. பிடித்தது அன்றிரவே குடிசைக்கு வந்துவிடும்; ஒரு துணி மூட்டை போதும். தமிழ்நாட்டு இருளரின் எலி வேட்டையோ இன்னும் சுவையானது. வளையின் வாயில் புகை நிரம்பிய மண்பானையைக் கவிழ்த்து ஊதி எலியை வெளியேற்றியபின், வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்திருந்த நெல்லையும் எடுத்துக்கொள்வர். ஒரே சாக்கில் எலியும் வரும், நெல்லும் வரும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, எலிசபெத் ஃபிஷரின் கருத்தைப் பின்பற்றி, மனிதனின் முதற்கருவி ஈட்டியன்று, சேகரித்ததை இட்டுவைக்கும் பையே என்று வாதிடுகிறது. வேட்டைக்காரனின் வீரக்கதை பையின் கதையை மறைத்துவிட்டது என்பது அவருடைய குறை. அது நியாயமான குறைதான். எனினும் அந்த இருளரின் சாக்கைப் பார்த்தால் வேட்டைக்காரன் ஒரு பக்கம், சேகரிப்பவள் மறுபக்கம் என்ற பிரிவினை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஈட்டி எறிந்தவனும் கடைசியில் பையைத்தானே தேட வேண்டியிருக்கிறது?

பையில்லாமல் வேட்டைக்குப் போனவரின் நிலையைத் தமிழில் மிக நுட்பமாகக் காட்டியவர் சேக்கிழார். பெரியபுராணத்தின் திண்ணனார், காளத்தி மலையில் இறைவனுக்குப் படைக்க, தீயில் வாட்டிச் சுவைத்துத் தேர்ந்த ஊனை இலைக்கல்லையில் ஏந்துகிறார். பொன்முகலி நீரை வாயில் முகக்கிறார். மலரைத் தலைமயிரில் செருகுகிறார். வில்லும் அம்பும் கையில் இருக்கின்றன. உடம்பே பையாகிவிடுகிறது. இரு கையும் நிறைந்திருப்பதால்தான் முன்பிருந்த மலர்களைச் செருப்புக் காலால் தள்ளுகிறார். பக்தியின் உச்சம் என்று உரைகாரர் வியக்கும் அந்தச் செயலுக்கு அடியில், கை போதாமை என்னும் எளிய நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஒரு தோள்பை இருந்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை.

மாஸ்டர் முதலில் எடுத்துக்கொண்டது பறவை வேட்டைப் பையை, அது எளிது. ஐரோப்பாவில் பழங்காலம் முதல் இதற்கென ஒரு வடிவம் உண்டு: தோலால் ஆன தோள்பை, அதன் முன்புறம் வலை. சுடப்பட்ட பறவையின் உடற்சூடு விரைவில் ஆறாவிட்டால் இறைச்சி கெடும். வலை காற்றை உள்ளே விடுகிறது. உட்புறம் கழுவத்தக்கதாக இருக்க வேண்டும், ஏனெனில் குருதி தோலில் ஊறினால் நாற்றம் போகாது. பறவை வேட்டை என்றதும் தாராவியிலிருந்து தொலைவில் இல்லாத செம்பூரை நினைக்கத் தோன்றும். இன்று தமிழ்க் குடும்பங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த அந்த இடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரமடர்ந்த குன்றுப்புறமாக இருந்தது. சிறுவன் சலீம் அலி விடுமுறையைக் கழித்த இடங்களில் அதுவும் ஒன்று. 1908-இல் தன் காற்றுத்துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை இருப்பதைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்க, மாமன் அமிருதீன் தயாப்ஜியின் அறிமுகத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவன் போனதுதான் இந்தியப் பறவையியலின் திருப்பம். அன்று அவன் சமையலுக்குப் போக வேண்டிய குருவியை ஆராய்ச்சிக்குக் கொண்டு போனான். பறவை எந்தப் பையில் போனதோ.

இரண்டாவது பை, காத்திருப்பவனுடையது. பரணிலோ மரத்தடியிலோ அசையாமல் அமர்பவனுக்குக் கொள்ளளவு பெரிதன்று. 20 முதல் 30 லிட்டர் போதும். தண்ணீர், கம்பளி, உணவு, விளக்கு, கத்தி, கயிறு. தருமபுரி, சேலம் காடுகளை வைத்து எழுதிய கென்னத் ஆண்டர்சனின் கதைகளில் இரவு முழுதும் நீளும் இத்தகைய காத்திருப்புகள் ஏராளம். இந்தப் பையின் முதற்குணம் ஓசையின்மை. பளபளக்கும் நைலான் மரப்பட்டையில் உரசினால் சரசரக்கும். மானின் செவிக்கு அது மணியோசை. ஒட்டுநாடாவைப் பிரித்தால் எழும் ‘பர்ர்’ ஒலி அன்றைய வேட்டையையே முடித்துவிடும். ஜிப்பின் உலோக ரன்னர் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். மாஸ்டர் தாம் வழக்கமாக வாங்கும் துணிகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்தார். தொண்ணூறடிச் சாலையின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே துண்டுகளைச் சுருட்டிக் கல்யாணுக்கு எடுத்துப்போய், நள்ளிரவில் வீட்டார் உறங்கிய பின் சமையற்கட்டில் அமர்ந்து கசக்கினார். மனைவி எழுந்து வந்து, “என்னங்க இது, எலி வந்துட்டோன்னு நெனச்சேன்” என்றாராம். கடைசியில் தேர்ந்தது மயிர் எழுப்பிய மென்கம்பளித் துணி. ரன்னர்களின் உலோக வாலை வெட்டிவிட்டுக் கயிறு கட்டினார்.

வண்ணத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. விலங்கின் கண்ணுக்கு மறைய வேண்டும் என்று பச்சையும் பழுப்புமாக மாதிரி வந்திருந்தது. மருமகன் தேடிப் படித்துச் சொன்னான்: அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர் ஒளிரும் செம்மஞ்சள் அணிய வேண்டும் என்பது சட்டம், பிற வேட்டைக்காரரின் குண்டுக்குத் தப்புவதற்காக. மானின் கண்ணுக்கு அந்நிறம் மனிதனுக்குத் தெரிவதுபோல் பளிச்சிடுவதில்லை. ஆனால் செம்மஞ்சள் மேலங்கியின்மேல் பச்சைப் பையை மாட்டினால் முதுகுப்புறம் முழுதும் மறைந்துவிடுகிறது. கொம்புகளைப் பையின்மேல் கட்டிக்கொண்டு புதரிடையே நடப்பவனோ தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மானே. எனவே பையின் அடியறையில் மடித்து வைத்து, வேண்டும்போது இழுத்துப் போர்த்தத்தக்க செம்மஞ்சள் உறை ஒன்று சேர்க்கப்பட்டது. இது தரகர் கேட்டதில்லை. செலவு கூடியதற்கு அவர் முகம் சுளித்தார் என்பதும் உண்மை.

மூன்றாவது பைதான் மாஸ்டரைத் தடுமாற வைத்தது.

மலைவேட்டையில் கொன்ற விலங்கை அப்படியே தூக்கி வர இயலாது. எல்க் போன்ற பெரிய மானின் பின்தொடை ஒன்றே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அங்கேயே கூறுபோட்டு, துணிப்பைகளில் இட்டு, பல நடைகளாக இறக்க வேண்டும். இதற்குச் சட்டகம் வேண்டும். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கும் சட்டகம். இது பழைய அறிவு. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஓட்ஸி’ என்ற மனிதனின் உடலருகே, வளைத்த ஹேசல் கொம்பும் லார்ச் பலகைகளும் கிடந்தன. அவை முதுகுச் சட்டகத்தின் பகுதி என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவனிடம் அம்பறாத்தூணியும் பூர்ச்ச மரப்பட்டைக் கலங்களும் இடுப்புப் பையும் இருந்தன. இடத்தோளில் பிறர் எய்த அம்பின் முனையும் இருந்தது. நவீன காலத்தில் நார்வேயின் ஒலே பெர்கன் 1908-இல் வேட்டைக்குப் போனபோது, தொளதொளத்த பை முதுகை அறுப்பது பொறாமல், ஜூனிப்பர் கிளையொன்றை முதுகின் வடிவுக்கு வளைத்துப் பையில் கட்டினார் என்பதும், அடுத்த ஆண்டே அவ்வடிவுக்குக் காப்புரிமை பெற்றார் என்பதும் முதுகுப்பை வரலாற்றில் நன்கறிந்த செய்தி. இன்று கல்லூரி மாணவர் தோளில் தொங்கும் பைகளின் முன்னோர்களில் ஒன்று வேட்டைக்காரனின் வலியிலிருந்து பிறந்தது.

இன்றைய மலைவேட்டைப் பைகளில் சட்டகத்துக்கும் பைக்கும் இடையே ஒரு தட்டு விடப்படுகிறது. இறைச்சி அங்கே, முதுகை ஒட்டி அமர்கிறது. கனமான பொருள் முதுகிலிருந்து விலக விலக, சுமப்பவனைப் பின்னோக்கி இழுக்கும். ஆகவே அருகே வைப்பதே சரி. மருமகன் காகிதத்தில் படம் போட்டு விளக்கினான். மாஸ்டர் ஒப்பவில்லை. இறைச்சி வெளியறையில்தான் இருக்க வேண்டும், முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு நாள் ஃபர்மா வெட்டாமல் அட்டை அப்படியே கிடந்தது.

காரணம் மூன்றாம் நாள் வெளிவந்தது. ஊரில் சிறுவனாக இருந்தபோது, இரவில் அவருடைய தந்தையும் சித்தப்பாவும் தேரிக்காட்டுப் பக்கம் நாயுடன் முயலுக்குப் போவார்கள். சாக்குச் சுமப்பது சிறுவன் வேலை. ஒரு முறை அடிபட்டு விழுந்த முயலைச் செத்தது என்று நினைத்துச் சாக்கில் போட்டார்கள். அது சாகவில்லை. வீடு வரும்வரை அதன் நெஞ்சு அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் தந்தை அங்கேயே கல்லால் அடிப்பார் என்று அவன் சொல்லவில்லை. பாதி வழியில் அது நின்றது.

“நின்னது எந்த எடம்னு இப்பவும் எனக்குத் தெரியும்லே” என்றார்.

மருமகன் அதற்கு மறுமொழி கூறவில்லை. மறுநாள் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டையும், துளையிட்ட கெட்டி நுரைப் பலகையையும் கொண்டு வந்து வைத்தான். பாரம் அருகிலேயே இருக்கும். ஆனால் தகட்டுக்கு அந்தப் பக்கம். முதுகில் படுவது நுரைதான். சூடோ ஈரமோ தெரியாது. மாஸ்டர் தகட்டைத் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். அன்று பிற்பகல் ஃபர்மா வெட்டப்பட்டது.

பையைச் சோதிக்க இருவரும் ஒரு ஞாயிறன்று கல்யாணிலிருந்து மலங்கட் மலைக்குப் போனார்கள். ஹாஜி மலங் தர்காவுக்குப் போகும் படிக்கட்டுகள் செங்குத்தானவை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தட்டில் கட்டி முதலில் மருமகன் ஏறினான்; பிறகு, வேண்டாம் என்று சொல்லியும், மாஸ்டர் ஏறினார். இடுப்புப் பட்டை எலும்பின்மேல் அமராமல் வயிற்றில் ஏறுவது பாதி வழியில் தெரிந்தது. இரண்டு விரற்கடை கீழே இறக்க வேண்டும். விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கீழிறங்கிய பெண்ணொருத்தி, பக்கிளும் பட்டையுமாக மூச்சுவாங்கி நின்ற அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி கடந்து போனாள். தலையே சட்டகம், முதுகெலும்பே தண்டு. உலகின் பல இடங்களில் பாரம் இன்னும் அப்படித்தான் நகர்கிறது.

தாராவியின் தோல்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களால் வேரூன்றியது. பதனிடும் கூடங்கள் பின்னர் தேவநாருக்கு வெளியேற்றப்பட்டன. காளை, எருதுகளைக் கொல்வதையும் தடைசெய்த மகாராஷ்டிரத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தோல் வரவைச் சுருக்கியது. சுதீர் ராஜ்பர் போன்ற கலைஞர் அதன்பின் பழைய ரப்பரைக் கொண்டு தாராவித் தொழிலாளருடன் பைகள் செய்யத் தொடங்கியது பலரும் அறிந்ததே. மாஸ்டரைப் போன்றோர் ரெக்சினுக்கும் கேன்வாசுக்கும் மாறினர். அந்த மூன்று வேட்டைப்பைகளில் தோல் இருந்தது துப்பாக்கிக் கட்டை பதியும் உள்ளங்கை அகலத்தில் மட்டும். அதை அவர் மெழுகுநூலால் கையாலேயே தைத்தார்.

மாதிரிகள் போயின. மறுமொழி வரவில்லை. அதற்குள் வேறொரு மறுமொழி வந்தது: பட்டறை இருக்கும் மாடிக்கு உரியவர் இடத்தை விட்டுத்தரச் சொன்னார். மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்க்கு ஒரு கணக்கு, மேல்தளத்தவர்க்கு வேறு கணக்கு. இரும்பு ஏணியேறிப் போகும் மாடியில் வாடகைக்கு இருக்கும் பட்டறைக்கு எந்தக் கணக்கிலும் உறுதியான இடமில்லை. அளவெடுப்போர் வந்துபோன நாள்முதல் கீழ்வீட்டுக்காரர்கூட முன்போல் முகம் பார்த்துப் பேசவில்லை. இனிக் கல்யாணிலேயே, வீட்டின் முன்னறையில், ஒரு தையலெந்திரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வது என்று மாஸ்டர் முடிவு செய்தார். உடன் வேலை செய்த இருவர் வேறு கார்கானாவுக்குப் போனார்கள்.

வண்டி வைத்தால் வாடகை கூடுதல். மலைவேட்டைப் பையின் சோதனைப் பிரதி ஒன்று, இடுப்புப் பட்டை தவறாக அமைந்த அந்த முதல் பிரதி, கையில் இருந்தது. அதன் பட்டையை இரண்டு விரற்கடை இறக்கித் தைத்தார். பட்டறையைக் கூறுபோட்டார்: ஒரு நாள் ஃபர்மாக்கள், ஒரு நாள் நூற்கண்டுகளும் பக்கிள்களும், ஒரு நாள் எந்திரத்தின் கால் சட்டம் பிரித்தது. கடைசி நடையில் எந்திரத்தின் தலை, 30 கிலோவை நெருங்குவது. அதைச் சாக்கில் சுற்றித் தட்டில் கட்டி, தகட்டின் அந்தப் பக்கம் இருக்குமாறு இறுக்கி, ஏணியில் மருமகன் பின்னின்று தாங்க, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சயானில் மாலைக் கூட்டம். மும்பை வண்டியில் பையை முதுகில் மாட்டி ஏறக்கூடாது, மார்பில்தான் மாட்ட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இதை மார்பில் மாட்ட முடியாது. சுமைப்பெட்டியில் ஏறினார்கள். மீன் கூடைகளுக்கும் பூமூட்டைகளுக்கும் நடுவே யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“மாமா, கழட்டிக் கீழ வைங்க. கல்யாண் வர ஒரு மணி நேரம் ஆகும்.”

“இருக்கட்டும்லே. இடுப்புலதான் நிக்குது.”

தாணே தாண்டிய பிறகுதான் அவர் பக்கிளை அவிழ்த்தார்.